கொண்டுவந்தது பனி

டிசம்பர் 24, புதன்

இந்த டைரியை வாங்கிக் கொடுத்தது என் அக்கா மகள் மாரிக்கனி. அருப்புக்கோட்டையில் டீச்சராக இருக்கிறாள். "மாமா, நடந்ததை நடந்தபடி எழுதணும். அளந்து விட்டீங்க, திரும்பி வந்ததும் சிவப்பு மையில திருத்துவேன்" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தாள். அளப்பதா? நானா? ஒன்பதாம் வகுப்பில் வாத்தியாரே என்னிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டுதான் பாடம் நடத்துவார். நான் பத்தாம் வகுப்புக்குப் போகாததற்கு ஒரே காரணம், அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அவர்களிடம் சரக்கு இல்லை.

இப்போது நான் உட்கார்ந்திருப்பது பூமி உருண்டையின் அடிப்பாகம். அண்டார்டிக்கா. இந்த இடத்தில் முதலில் கால் வைத்த தமிழன் வெயிலுமுத்து என்று எழுத ஆசைதான். ஆனால் ஹெலிகாப்டரிலிருந்து டாக்டரம்மா எனக்கு முன்னால் இறங்கிவிட்டார்.

நாலு பேர், நாலு கூடாரம். எதிரே பனியைக் கிழித்துக்கொண்டு நிற்கும் ஒரு கறுப்பு மலை. மற்ற எல்லாப் பக்கமும் வெள்ளை. சூரியன் மறைவதே இல்லை, செக்கு மாடு மாதிரி நம்மைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

டாக்டரம்மா பெயர் பெனிட்டா. நாகர்கோவில் பக்கம் கடற்கரை ஊர். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, பனியையும் கல்லையும் படித்த டாக்டர். ரேடார் எஞ்சினியர் உண்ணி, பாலக்காட்டுக்காரர். தலைவர் டோர்ஜே சாப், லடாக் மலை ஏறுகிறவர், இந்தி மட்டும் பேசுவார், அதையும் குறைத்துத்தான் பேசுவார். நாலாவது ஆள் நான். செயின் சக்கரம் வைத்த பனி வண்டியை ஓட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் என் வேலை. ஊரில் பொக்லைன் ஓட்டியவனுக்கு இது தம்பி வண்டி. நான் இல்லாவிட்டால் இந்த ஆராய்ச்சியே ஓடாது. சொல்லப்போனால் நடக்கக்கூட நடக்காது.

இறங்கியதும் டோர்ஜே சாப் நிற்க வைத்து நெடுநேரம் என்னென்னவோ இந்தியில் சொன்னார். இந்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று வேலைக்கு எடுக்கும்போதே சொல்லி வைத்திருந்தேன். அதனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "அச்சா, அச்சா" என்று தலையாட்டினேன். குப்பை போடாதே, தனியாகப் போகாதே. வேறென்ன சொல்லப் போகிறார்.

டிசம்பர் 26, வெள்ளி

மாரிக்கனி வகுப்பில் சொல்வதற்காக ஆராய்ச்சியை விளக்குகிறேன்.

பனிக்கு அடியில் பூமி இருக்கிறது. மலை, பள்ளம், ஓடை எல்லாம் இருக்கிறது, ஆனால் மேலே ரெண்டு கிலோமீட்டர் கனத்துக்குப் பனி மூடிக் கிடக்கிறது. என் வண்டிக்குப் பின்னால் ஸ்லெட்ஜ் என்கிற சறுக்குப் பலகையில் ரேடார் பெட்டியைக் கட்டி, நேர்கோடாக, ஒரே வேகத்தில் நான் இழுத்துப் போக வேண்டும். பெட்டி கீழே அலை அனுப்பும். அலை பாறையில் இடித்துத் திரும்பும். உண்ணி கம்ப்யூட்டரில் அடிப்பாறை கோடாக எழும். வயிற்றுக்கு ஸ்கேன் எடுப்பார்களே, அதுதான். பூமித்தாய் வயிற்றுக்கு ஸ்கேன்.

டாக்டரம்மா வேலை வேறு. கண்மாய் வற்றிப்போனாலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று கரையில் தடம் தெரியும் இல்லையா? அந்த மாதிரி, ஒரு காலத்தில் பனி இந்த மலையில் எவ்வளவு உயரம் நின்றது என்று பார்க்கிறார். தடம் எது என்றால், கல். மலை கறுப்பு. ஆனால் அதன் மேல் அங்கங்கே செவலை நிறக் கல் கிடக்கிறது. இந்த மலைக்குச் சொந்தமில்லாத கல். எங்கிருந்தோ பனி சுமந்து வந்து, பனி வற்றியதும் வைத்துவிட்டுப் போனது. எத்தனை வருசமாக அது வெளியில் கிடக்கிறது என்று லேபில் பார்க்க, அதன் தலையில் ஒரு சில்லு வெட்டிப் பையில் போட்டு, பையின் மேல் எழுதுவார்: இடம், உயரம், கொண்டுவந்தது. கடைசி வரியில் எப்போதும் ஒரே பதில்தான், "பனி".

"எப்பவும் பனின்னுதான எழுதுறீங்க, பின்ன எதுக்கு அந்த வரி?" என்று கேட்டேன்.

"ஓடையில உருண்டும் வரலாம், மேலேருந்து சரிஞ்சும் வரலாம் அண்ணாச்சி. யாரு கொண்டு வந்தாங்கன்னு தெரியாத கல்லு சாட்சி சொல்லப்பிடாது."

செவலைக் கல் பாதி மலை வரைதான் கிடக்கிறது. பனி உச்சியையே மூடி நின்றது என்பது டாக்டரம்மா கட்சி. அவருடைய பெரிய புரொபசர் கட்சி, இல்லை. ரெண்டு வருசமாக மேல்பாதியில் ஒரு கல்லும் கிடைக்கவில்லை. இதுதான் கடைசி வருசம்.

டிசம்பர் 28, ஞாயிறு

இன்று நான் ஒரு பனிப்பிளவைத் தாண்டினேன்.

ரேடார் இழுத்துக்கொண்டு போகும்போது முன் செயின் திடீரென்று உள்ளே இறங்கியது. மேலே மெல்லிய பனிப் பாலம், கீழே நீலக் கிணறு. வேறொருவனாக இருந்தால் சங்குதான். நான் ஒரு சிரிப்புச் சிரித்து, கியரை மாற்றி, வண்டியைக் குதிரை மாதிரி அந்தப் பக்கம் தாவ விட்டேன். உண்ணி கை தட்டினார்.

சாயங்காலம் சாப்பாட்டுக் கூடாரத்தில் உண்ணி வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். "ஸ்டீயரிங்க விட்டுட்டு ரெண்டு கையும் தூக்கி, அம்மே காப்பாத்துன்னு ஒரே நிலவிளி. பின்னே டோர்ஜே சாப் கயிறு கட்டி இழுத்தாரு."

"ஏன் உண்ணி, நான் அலறினது உங்களுக்குத் தைரியம் சொல்லத்தானே?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் ஒன்று. அந்த நீலத்தைப் பார்த்த நேரத்தில் எங்கள் வெயிலுகந்த அம்மனை நினைத்தது உண்மை. என் பெயரே அவள் கொடுத்தது. "தாயே, கரை சேர்த்துவிடு, இந்த ஊரிலேயே உசரமான இடத்தில் உன்னை நிறுத்துகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மனுக்குக் கேட்டிருக்கும்.

ஜனவரி 2, வெள்ளி

நேர்த்திக்கடன் முடிந்தது. உலகத்தின் தென்கோடியில் முதல் அம்மன் கோயில், ஸ்தாபகர் வெயிலுமுத்து.

டாக்டரம்மாவும் டோர்ஜே சாப்பும் மலையின் கீழ்ப்பக்கம் கல் பார்க்கப் போனார்கள். உண்ணி வயர் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். டீசல் பேரல்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்தேன். பேரல் பக்கத்தில் ஒரு செவலைக் கல்லை முதல் நாளே கண் வைத்திருந்தேன். ஆட்டுரல் குழவி பருமன், உச்சி குவிந்து, பார்க்கும்போதே முகம் இருக்கிற கல். மலையின் பின்பக்கம் பனிச்சரிவு முதுகு வரைக்கும் ஏறுகிறது. அங்கே வரை வண்டி, அதற்கு மேல் கல் என் தோளில். ஒரே மூச்சில் ஏறினேன் என்று எழுதினால் மாரிக்கனி சிவப்பு மை எடுப்பாள். உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன்.

உச்சி முதுகில் தோதான சின்னப் பள்ளம் ஒன்று இருந்தது. கல்லுக்கு அடியில் செம்போ பொன்னோ வைக்காமல் சாமியை நிறுத்தக் கூடாது. என் விரலில் செப்பு மோதிரம் இருந்தது, இருக்கன்குடித் திருவிழாக் கடையில் என் பெண்சாதி வாங்கி "வெ.மு." என்று பெயர் வெட்டிப் போட்டது. கழற்றி வைத்து, மேலே கல்லை நிறுத்தினேன். குங்குமம் இட்டேன். சூடம் காற்றில் நிற்கவில்லை, சூரியனையே ஆரத்தியாக வைத்துக்கொள் தாயே என்றேன். வெயிலை உகந்தவளுக்கு மறையாத வெயில். இதை விடப் பொருத்தமான ஊர் அவளுக்கு ஏது?

அவர்களிடம் சொல்லவில்லை. டாக்டரம்மா வேதக்காரர், டோர்ஜே சாப் புத்தர் கட்சி. எதற்கு வம்பு.

ஜனவரி 4, ஞாயிறு

காற்று. கூடாரத்தை விட்டு வெளியே தலை காட்ட முடியவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

இன்னும் காற்று. உண்ணி மோதிரம் எங்கே என்று கேட்டார். நாங்கள் இங்கே வருவதற்கு முன் தங்கியிருந்த கடற்கரை நிலையத்தில் ஒரு சீல் என் கையைக் கவ்வியது, கையை மீட்டேன், மோதிரத்தை அது விழுங்கிவிட்டது என்றேன். "போன வாரம் இருந்ததே" என்றார். சீலுக்கு ஜீரணமாக நாள் எடுக்கும் இல்லையா என்றேன்.

ஜனவரி 8, வியாழன்

காற்று நின்றது. காலையில் டாக்டரம்மா, "மேல் முதுகு ஒண்ணுதான் பாக்கி, அதையும் பாத்துருவோம்" என்றார். பின்பக்கச் சரிவு வழி நானே ஓட்டிக்கொண்டு போனேன். என் வண்டித் தடம் ஒன்றுகூட இல்லை, காற்று வழித்து எடுத்திருந்தது.

கோயிலைப் பார்த்துவிடப் போகிறார்களே, என்ன கதை சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். முன்னால் போன டாக்டரம்மா நின்றார். பிறகு ஓடினார். பனி பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒருவர் ஓடி நான் பார்த்ததில்லை.

குங்குமம் இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. காற்று கழுவித் துடைத்துவிட்டது. வெறும் செவலைக் கல் கறுப்புப் பாறையில் உட்கார்ந்திருந்தது.

"அண்ணாச்சி! பாத்தியளா! செவலை! இந்த உயரத்துல!" என் அம்மனுக்கு முன்னால் அவர் முழங்கால் போட்டுவிட்டார். கையுறையைக் கழற்றிக் கல்லைத் தடவினார். "கர்த்தாவே, ஸ்தோத்திரம்" என்றார். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்து நின்றது.

உண்மை எனக்கு வாய் வரை வந்தது. டோர்ஜே சாப் போட்டோ எடுத்தார். டாக்டரம்மா அளந்தார், உளியால் தலையில் ஒரு சில்லு எடுத்தார். அளக்கிற கல்லை அசைக்கக் கூடாதாம், அதனால் அடியைப் பார்க்கவில்லை. பையில் எழுதினார். கொண்டுவந்தது: பனி.

"மனுசன் கால் படாத முதுகு அண்ணாச்சி. ஆயிரக்கணக்கான வருசமா நமக்காகக் காத்துட்டுக் கிடந்திருக்கு."

"ஆமா டாக்டரம்மா" என்றேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஒரு கல். உலகத்தில் எத்தனையோ கல்.

ஜனவரி 9, வெள்ளி

சாட்டிலைட் போனில் டாக்டரம்மா புரொபசரிடம் சொல்லிவிட்டார். அவர் "ஒரு கல்தானே" என்றாராம். ஆனால் குரல் மாறிவிட்டதாம். பிறகு தன் அம்மாவிடம் பேசினார். "அம்மோ, கிடைச்சிற்று! ஆமா! நீ ஜெபம் பண்ணினது வீண் போகல்ல!"

அவர் அம்மா வீட்டுக் கொல்லைச் சுவரைக் கடல் தின்கிறதாம். முன்பு இங்கே எவ்வளவு பனி இருந்தது, எவ்வளவு உருகிக் கடலில் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் இனி எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடலாமாம். "நம்ம கணக்கு தப்பாச்சுன்னா எங்கேயோ ஒரு ஊர்ல சுவரைத் தப்பான எடத்துல கட்டுவாங்க" என்றார்.

நான் டின்பால் போட்டு அவருக்கு ரவா கேசரி கிண்டிக் கொடுத்தேன். என் பங்கு முந்திரியையும் அதில் போட்டேன். பாத்திரமும் நானே கழுவினேன். "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு ஒரே உபசாரம்?" என்றார்.

உண்ணி பேச்சுவாக்கில் சொன்னார்: "முதல் நாளே டோர்ஜே சாப் அத்தற நேரம் கிளாஸ் எடுத்தாரில்லே, இங்க ஒரு கல்லக்கூட இடம் மாத்தக் கூடாதுன்னு. இப்ப புரியுதோ எதுக்குன்னு?"

அத்தனை நேரம் அவர் சொன்னது அதுதானா.

ஜனவரி 10, சனி

ரேடார் ஓட்டம். கோடு மலை முதுகுக்கு அடியில் போக வேண்டியிருந்தது. நான் கொஞ்சம் விலக்கி ஓட்டினேன். கொஞ்சம் இல்லை, நல்ல வளைவு.

உண்ணி பின்னாலிருந்து கத்தினார். "எந்தா அண்ணே, பாம்பு போன தடம் மாதிரி! நேரே போங்க!"

"அந்தப் பக்கம் பிளவு இருக்கும் போல."

"ஒண்ணும் இல்லா, மேப்புல கிளியரா இருக்கு. ரெண்டு கிலோமீட்டருக்கு அடியில உள்ள பாறையே தெரியுது, பிளவு தெரியாதா?"

அதுதானே என் பயம். இந்தப் பெட்டிக்கு எல்லாம் தெரியும் என்றால் ஒரு கல்லுக்கு அடியில் உள்ள மோதிரம் எம்மாத்திரம்? ரேடார் கீழே மட்டும்தான் பார்க்கும், மலைமேல் பார்க்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஸ்டீயரிங் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்றது.

உண்ணி அந்தக் கோட்டை அழித்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னார். ஒரு பகல் வீண். இங்கே எல்லாமே பகல்தான்.

ஜனவரி 11, ஞாயிறு

டாக்டரம்மா இன்றும் முதுகு முழுக்கத் தேடினார். ரெண்டாவது கல் கிடைக்கவில்லை. வண்டியில் திரும்பும்போது தனக்குத்தானே சொல்வது போல், "ஒண்ணே ஒண்ணு. மிச்சத்தை எல்லாம் எங்க கொண்டு போச்சு?" என்றார். பிறகு, "ஒண்ணு போதும்" என்றார்.

 

ஜனவரி 12, திங்கள்

சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "டாக்டரம்மா, அந்தக் கல்லைப் பனி கொண்டு வரல. நான்தான் கொண்டு வந்தேன். பேரலுக்குப் பக்கத்துல இருந்து எடுத்தேன். எங்க அம்மனுக்கு நேர்த்திக்கடன்."

 உண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணே, கடற்கரையில ஒரு பென்குயின் உங்ககிட்ட வந்து பீடி கேட்டது நினைவிருக்கா?"

"அது..."

"மோதிரத்தை சீல் முழுங்கினது?"

"மோதிரம் அந்தக் கல்லுக்கு அடியிலதான் இருக்கு உண்ணி! சத்தியமா!"

"ஓ, இப்ப சீல் மலை ஏறிடுச்சோ!" டோர்ஜே சாப்புக்கு இந்தியில் மொழிபெயர்த்தும் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. லடாக்கில் தங்கள் ஊர்க் கணவாயிலும் சாமிக்குக் கல் வைப்பார்கள் என்று மட்டும் ஏதோ சொன்னதாக உண்ணி சொன்னார்.

டாக்டரம்மாவும் முதலில் சிரித்தார். "கண்டுபிடிச்சதுல உங்களுக்கும் ஒரு பங்கு வேணும்னா நேரா கேளுங்க அண்ணாச்சி."

"கல்லப் புரட்டிப் பாருங்க டாக்டரம்மா. ஒரு நொடி வேலை."

"வேண்டாம்." சட்டென்று சொன்னார். "அளந்து முடிச்ச எடத்தை யாரும் கலைக்கப்பிடாது."

எழுந்து போய்விட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

இந்த ஐம்பத்தாறு வயது வரை நான் சொன்ன எதையும் ஒருவரும் நம்பாமல் விட்டதில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

ஜனவரி 14, புதன்

போகி. எரிக்க ஒன்றுமில்லை, இங்கே எதையும் எரிக்கக் கூடாது.

டீ கொடுக்கும்போது டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் கேட்டார். "முந்தா நாள் சொன்னியளே, அந்தக் கல்லு விசயம். அது எந்த விரல்ல கெடந்த மோதிரம்?"

ஹெலிகாப்டர் சனிக்கிழமை வருகிறது. அவர் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. தூங்கவில்லை போல. ஒரு வார்த்தையில் அவரைத் தூங்க வைக்கலாம் என்று தோன்றியது.

"சும்மா சொன்னேன் டாக்டரம்மா" என்றேன். "விளையாட்டு."

"நெசமாவா?"

"நான் எப்ப நெசம் பேசிருக்கேன்?"

அவர் சிரித்துவிட்டார். தன் சாக்லேட்டில் பாதியை ஒடித்துக் கொடுத்தார். நான் வாங்கித் தின்றேன். தின்றேன் மாரிக்கனி.

ஜனவரி 15, வியாழன்

தைப்பொங்கல். இருபத்துநாலு மணி நேரமும் சூரியன் நிற்கிற ஊரில் பொங்கல் வைத்த ஒரே ஆள் நான்தான். இதில் அளப்பு இல்லை, எனக்குத் தெரிந்து.

பால் பொங்கும்போது "பொங்கலோ பொங்கல்" என்று உண்ணிதான் சத்தம் போட்டார்.  முதல் கரண்டியை எடுத்துச் சூரியனுக்குப் படைக்கத் திரும்பினால், சூரியன் சரியாக மலை முதுகுக்கு மேலே நின்றது. என் கை நின்றுவிட்டது. அந்தப் பக்கம் நீட்ட முடியவில்லை.

பின்னால் டாக்டரம்மா நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, வண்டியை எடுங்க."

"எங்க டாக்டரம்மா?"

"நீங்க அளந்து விடும்போ எப்பவும் ஆள் மூஞ்சியைப் பாத்துட்டேதான் பேசுவீங்க. நாங்க வாயைப் பொளந்தோமா, சிரிச்சோமான்னு பாக்கணும்லா. திங்கக்கிழமை தட்டைப் பாத்து பேசினீங்க. நேத்து 'சும்மா'ன்னு சொன்னப்பவும் கெட்டிலைத்தான் பாத்தீங்க." கையுறையை மாட்டிக்கொண்டார். "நான் மூணு நாளா நம்பாத மாதிரி நடிச்சிட்டு இருக்கேன். என்னால ஏலல்ல. எடுங்க."

 டோர்ஜே சாப்பும் ஏறிக்கொண்டார். அடுப்பை அணைக்க உண்ணி இருந்தார்.

முதுகில் ஏறியதும் நான் கல்லைத் தூக்கக் குனிந்தேன். "நீங்க தொடண்டாம்" என்றார். தானே மண்டியிட்டு ரெண்டு கையாலும் பிடித்தார். அசையவில்லை, அடியில் பனி பிடித்திருந்தது. உளியின் பின்பக்கத்தால் சுற்றித் தட்டினார். மறுபடி பிடித்தார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார், பிடித்த பிடியில், தூக்காமல். டோர்ஜே சாப் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

கிடைக்காமல் போகட்டும் தாயே என்று நான் வேண்டிக்கொண்டேன். நீயே அதை எடுத்து வேறெங்காவது வைத்துவிடு. என்னைப் பொய்யனாக்கு. ஏற்கெனவே பொய்யன்தானே, ஒன்றும் குறைந்துவிடாது.

கல் புரண்டது.

கறுப்புப் பாறையில் செப்பு மோதிரம் பளிச்சென்று இருந்தது. கொஞ்சம்கூடக் களிம்பேறவில்லை. வெ.மு.

டாக்டரம்மா பாறையில் உட்கார்ந்தார். அழவில்லை. கல்லைக் கண்டுபிடித்த அன்றுதான் அழுதார்.

"எங்கம்மைட்ட சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றார். "சபையில ஸ்தோத்திர ஜெபம் வச்சிருக்காங்க."

"மன்னிச்சிருங்க டாக்டரம்மா. தெரியாம..."

"தெரியாம வச்சது திங்கள் வரைக்கும் சரி. நேத்து? நேத்து சாக்லேட் தின்னுட்டு இருந்தப்போ தெரியாமலா?"

அவர் முகத்தைப் பார்க்காமல் மோதிரத்தைப் பார்த்தேன்.  

"கேக்குதவங்க நம்பிட்டா உங்களுக்குப் போதும், இல்லையா? அது நெசமான்னு உங்களுக்கு ஒரு கவலையும் இல்ல." பிறகு மலைக்குக் கீழே விரிந்து கிடந்த பனியைப் பார்த்துக்கொண்டு, "நானும் அதேதான். நம்பணும்னு இருந்தேன், நம்பினேன். ரெண்டாவது கல்லு இல்லன்னதும் எனக்கே ஒறைச்சிருக்கணும்" என்றார்.

எழுந்து டேப்பை எடுத்தார். கல்லை, பள்ளத்தை, மோதிரம் இருந்த இடத்தை, எல்லாவற்றையும் முதல்முறை அளந்த அதே நிதானத்தோடு அளந்தார். முடித்துவிட்டு, "கல்லை எடுத்த எடத்துலயே கொண்டு வைக்கணும். உங்க ஆளுகிட்ட சொல்லணும்னா சொல்லிட்டு எடுங்க" என்று விலகி நின்றார்.

நிறுத்திய சாமியை அப்படியே பிடுங்கக் கூடாது. வேறொன்றில் இறக்கி வைத்துத்தான் எடுக்க வேண்டும். மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து, "தாயே, கரை சேர்த்தாய், சொன்னபடி உசரத்தில் வைத்தேன். இடம் எனக்குச் சொந்தமில்லை என்று தெரியாமல் போச்சு. இதில் இறங்கிக்கொள்" என்றேன். கல்லைத் தூக்கினேன். ஏறும்போது இருந்ததைவிடக் கனம். டோர்ஜே சாப் ஒரு கை கொடுத்தார்.

பேரல் பக்கத்தில் அது கிடந்த குழி பனி நிறைந்திருந்தது. தோண்டி வைத்தேன். சரியாக உட்கார்ந்துகொண்டது.

திரும்பியதும் டாக்டரம்மா புரொபசருக்குப் போன் போட்டார். கூடாரத் துணிக்கு வெளியே எனக்குக் கேட்டது. இங்கிலீஷ்தான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. என்றாலும் முழுக்கப் புரிந்தது.

பொங்கலை யாரும் தொடவில்லை. உறைந்து கல்லாகிவிட்டது.

ஜனவரி 16, வெள்ளி

உண்ணிக்காக அந்தக் கோட்டை இன்னொரு முறை ஓட்டினேன். மலைக்கு அடியில், நேராக.  முடிந்ததும் உண்ணி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பனிக்கு அடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு, இதுவரை யாரும் பார்க்காதது. போன வாரமாக இருந்தால் அதற்கு என் பெயர் வைக்கச் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 17, சனி

ஹெலிகாப்டர் வருவதற்கு முன் கல் பெட்டிகளை நான்தான் மூட்டை கட்டினேன். அம்மன் கல்லின் சில்லு இருந்த பையும் அதில் இருந்தது. தூக்கி எறிந்திருப்பார் என்று நினைத்தேன்.

பழைய எழுத்தை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதியிருந்தார்.

இடம்: டீசல் பேரல் அருகே, மலையடி.
உச்சிக்குக் கொண்டுவந்தது: வெயிலுமுத்து.

இந்த ஆராய்ச்சியில் என் பெயர் எங்காவது ஏற வேண்டும் என்று வந்த நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏறிவிட்டது. இந்தப் பை லேபுக்குப் போகும், புரொபசர் படிப்பார், எனக்குத் தெரியாத ஊர்களில் எனக்குத் தெரியாதவர்கள் படிப்பார்கள்.

"டாக்டரம்மா, பேரை மட்டும் எடுத்துருங்களேன். யாரோ ஒருத்தன்னு போடுங்க."

பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார். "யாரு கொண்டு வந்தான்னு தெரியாத கல்லு சாட்சி சொல்லப்பிடாது அண்ணாச்சி." முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் பெட்டியின் மறுபக்கத்தைத் தூக்கும்படி எனக்குக் கண் காட்டினார். ரெண்டு பேருமாகச் சுமந்துகொண்டு போனோம்.

மாரிக்கனி, உனக்குச் சிவப்பு மை மிச்சம். டிசம்பர் 28-ல் உண்ணி சொன்னதுதான் சரி. வண்டி தாவவில்லை. ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அம்மா என்று அலறினேன்.